நாற்பது ஆறுகளின் மீன்

மாட்டையும் நெல்லையும் மனிதன் எப்படித் தன்வயமாக்கினான் என்பதற்கான சான்றுகளை நாம் மண்ணுக்கடியில்தான் தேடவேண்டியிருக்கிறது. சால்மன் மீனின் கதை அப்படிப்பட்டதன்று. அது அரை நூற்றாண்டுக்கு முன்னர் நார்வேயில் தொடங்கியது; ஆண்டும் பெயரும் பதிவாகியிருக்கின்றன.

கால்நடை இனவிருத்தி அறிஞர் ஹரால்ட் ஷெர்வோல்டும் ட்ரிக்வே யேட்ரெமும் மாட்டுக்கும் பன்றிக்கும் பயன்பட்ட தெரிவுமுறையை மீனுக்கும் பொருத்த முனைந்தனர். 1971க்கும் 1974க்கும் இடையில் சுமார் 40 ஆறுகளின் சால்மன்களிலிருந்து பண்ணை இனத்துக்கான மூலத்தொகுதி திரட்டப்பட்டது. அன்று அவர்கள் முதன்மையாக நாடியது விரைவான வளர்ச்சியை. நோய் எதிர்ப்பு பின்னரே கணக்கில் சேர்ந்தது.

அதற்கான தேவையைப் பண்ணைகளே உருவாக்கின. நெருக்கமாக வளரும் மீன்களிடையே ஐ.பி.என். எனப்படும் வைரஸ் கணைய நோய் எளிதில் பரவியது. குஞ்சுகளும், நன்னீரிலிருந்து கடலுக்கு மாற்றப்பட்ட இளமீன்களும் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மிகச் சிறிய குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடவும் வழியில்லை.

நோயில் தப்பிய மீனையே தாயாக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் தப்பிய மீன் வைரஸைச் சுமந்திருக்கக்கூடும். எனவே ஒரு குடும்பத்தின் சில மீன்களுக்கு வேண்டுமென்றே நோயைத் தொற்றவைத்து, பிழைத்தோர் மிகுந்த குடும்பங்களில் நோய்படாத உடன்பிறப்புகளை இனப்பெருக்கத்துக்கு எடுத்தனர். ஒரே குடும்பத்துக்குள் எதிர்ப்பைப் பெற்ற மீன் எது, பெறாதது எது என்று பிரித்தறிய இம்முறையால் இயலவில்லை.

2008, 2009ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்து, நார்வே ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவை வெளியிட்டன: எதிர்ப்புத்திறனின் பெரும்பங்கு மரபுத்தொகுதியின் ஒரேயோர் இடத்தில் அடங்கியிருந்தது. நார்வே குழு 2015இல் அவ்விடத்திலுள்ள மரபணுவையும் இனங்காட்டியது. அது உருவாக்கும் காத்ஹெரின் என்ற புரதத்தைப் பற்றியே வைரஸ் செல்லுக்குள் நுழைகிறது. எதிர்ப்பு வடிவத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்ற மீனில் அக்கதவு திறப்பதில்லை. இவ்வடிவம் உள்ள மீன்களைத் தெரிந்தெடுத்ததன் பயனாக நார்வேயில் நோய்த்தாக்கு நிகழ்வுகள் சில ஆண்டுகளிலேயே சுமார் 75 விழுக்காடு குறைந்தன.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அறிவியலாளர் இந்த எதிர்ப்பைப் படைக்கவில்லை, இருந்ததைக் கண்டெடுத்தனர். வளர்ச்சியை நாடிச் சேகரித்தவர்கள், தாம் தேடாத ஒன்றையும் ஆறுகளிலிருந்து அள்ளிவந்திருந்தனர். ஒரே ஆற்றின் மீனோடு நின்றிருந்தால் அது வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

வைரஸும் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்பு மரபணு கொண்ட மீன்களிலிருந்தே பின்னர் அதன் புதிய திரிபு பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த விடைக்கும் நாம் இயற்கையின் பன்மையையே நாடவேண்டியிருக்கும். ஆனால் பண்ணைக் கூண்டுகளிலிருந்து தப்பும் மீன்கள் ஆறுகளுக்குள் புகுந்து காட்டுச் சால்மனோடு கலக்கின்றன. நார்வேயில் ஆராயப்பட்ட ஆறுகள் பலவற்றில் அக்கலப்பின் தடயம் பதிந்திருக்கிறது. கொடுத்த ஆற்றுக்கே நாம் செய்யும் இக்கேடு, நோயினும் மெல்ல நிகழ்வதால் கண்ணில் படுவதில்லை.