அதிசயமா? அமைப்பா?

1972-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். தென்கொரியாவின் உல்சான் கடற்கரையில் ஹூண்டாய் நிறுவனத்தார் கப்பல் கட்டும் தளத்துக்குக் கடைக்கால் இட்டனர். பாரந்தூக்கி இல்லை, பெருங்கப்பல் கட்டிப் பழகிய கைகளும் இல்லை. ஆனால், தளம் எழுந்து முடியுமுன்பே, கிரேக்கக் கப்பல் முதலாளி ஒருவருக்கு இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் கட்டித்தர ஒப்பினர். ஒவ்வொன்றும் இரண்டரை இலட்சம் டன்னுக்கும் அதிகம்! தளமும் கப்பலும் ஒருசேர வளர்ந்தன. 1974 ஜூனில் இரண்டுக்கும் சேர்த்தே விழா எடுத்தனர்.

'ஹான் ஆற்று அதிசயம்' என்றது உலகம். அதிசயம் என்ற சொல் கேட்டதும் ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்வதா? நாம் நிறுத்துவதற்கில்லை. அதிசயத்தின் திரையை விலக்கினால் தெரிவது அமைப்பு.

1973-இல் கனரகத் தொழில்களே வழி என அரசு அறிவித்தது. கப்பல் தொழிலையும் அவற்றுள் ஒன்றாகத் தேர்ந்தது. அயல்நாட்டுக் கடனுக்குப் பிணை நின்றது. அதே ஆண்டில் போகாங் ஆலையில் எஃகு உருகி ஓடியது. ஸ்காத்லாந்துத் தளத்துக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பினர் கொரியர். எண்ணெய் நெருக்கடியால் கப்பல் வாங்க ஆளின்றிப் போனபோது, 1976-இல் ஹூண்டாயே கப்பல் போக்குவரத்து நிறுவனம் கண்டு, தேங்கிய கப்பல்களைக் கடலில் ஓட்டியது. ஒக்போவில் தொடங்கப்பட்ட தளம் 1978-இல் தேவூவிடம் சென்றது. திட்டம் அரசினுடையது, தளம் முதலாளியுடையது.

உழைப்பு யாருடையது? அதற்கும் ஓர் அமைப்பு உண்டு! நிலையான தொழிலாளர் ஒரு படி. துணை ஒப்பந்தக்காரரிடம் கூலி பெறுவோர் அதற்குக் கீழ்ப்படி. இரும்பைப் பற்றவைப்போரும் வண்ணம் பூசுவோரும் பெரும்பாலும் கீழ்ப்படியினரே. ஒரே கப்பல், ஒரே வெயில், ஒரே ஆபத்து. கூலி மட்டும் வேறு!

1987-இல் உல்சானும் ஒக்போவும் கொதித்தெழுந்தன. சங்கம் அமைக்கும் உரிமையைத் தொழிலாளர் போராடியே பெற்றனர். எனினும் கீழ்ப்படி அகலவில்லை. 2022-இல் ஒக்போவின் துணை ஒப்பந்தத் தொழிலாளர், தொழில் நலிந்த காலத்தில் வெட்டப்பட்ட கூலியை மீட்க 30 விழுக்காடு உயர்வு கேட்டனர். ஒரு தொழிலாளி, கட்டப்படும் கப்பலுக்குள், ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே உள்ள இரும்புக் கூண்டில் தம்மை அடைத்துக்கொண்டார். 51 நாள் வேலைநிறுத்தத்தின் முடிவில் கிடைத்தது 4.5 விழுக்காடு!

கடனுக்குப் பிணை நிற்க அரசு வந்தது. கப்பலுக்குச் சரக்குத் தேட முதலாளி வந்தார். கூலிக்குப் பிணை நிற்க எவரும் வரவில்லை. தொழில் வளரத் திட்டமிடும் எந்த நாடும் இந்த மூன்றாவது பிணையைத் திட்டத்தின் முதல் ஏட்டிலேயே எழுத வேண்டும் என்போம் நாம்.