மட்டக்களப்பு வாவிக்கரையில் தனித்து நடந்த தேர்தல்கள்

பொதுத்தேர்தலுக்குப் புறம்பாக ஒரு தொகுதியிலோ மாகாணத்திலோ தனித்து நடைபெறும் தேர்தலின் முடிவைக் கொண்டு நாட்டின் அரசியல் போக்கைக் கணிக்கும் வழக்கம் இலங்கையில் இடைத்தேர்தல் காலத்திலேயே வேரூன்றியது. 1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பை எதிர்த்துப் பதவி துறந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம், அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போட்ட காங்கேசன்துறை இடைத்தேர்தலில் 1975 பெப்ரவரி 6 ஆம் திகதி பெற்ற பெருவெற்றி தமிழர் அரசியல் செல்லவிருந்த திசையை உணர்த்தியது. அதே ஆண்டு ஜூலையில் கொழும்பு தெற்கில் ஜே. ஆர். ஜயவர்தன பெற்ற வெற்றியோ தென்னிலங்கையில் 1977 இல் நிகழவிருந்த ஆட்சிமாற்றத்தை முன்னரே காட்டிற்று.

1978 யாப்பு விகிதாசார முறையை, அதாவது கட்சி பெறும் வாக்குகளின் அளவுக்கேற்ப ஆசனங்களைப் பகிரும் முறையைக் கொண்டுவந்ததுடன், வெற்றிடங்களைக் கட்சியின் நியமனத்தால் நிரப்பவும் இடமளித்தமையால் இவ்வழி பெரும்பாலும் அடைபட்டது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் மட்டக்களப்பின் முதலாவது உறுப்பினராகத் தெரிவான செ. இராசதுரை 1979 இல் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறியபோது, அவர் ஆசனத்தை இழக்காதிருக்க யாப்பின் இரண்டாவது திருத்தமே வழிவிட்டது. அம்மாற்றத்தை ஏற்பதா மறுப்பதா எனச் சொல்லும் வாய்ப்பு வாக்காளருக்குக் கிடைக்கவில்லை.

இடைத்தேர்தலின் இடத்தைப் பிற்காலத்தில் வெவ்வேறு வேளைகளில் நடத்தப்பட்ட மாகாண சபைத் தேர்தல்கள் பிடித்துக்கொண்டன. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்புச் செல்லாது என உயர் நீதிமன்றம் 2006 ஒக்டோபரில் தீர்ப்பளித்ததாலும், 2007 ஜூலையில் குடும்பிமலை அரச படையினர் வசமானதோடு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்து முற்றாக நீங்கியதாலும், கிழக்குக்கு மட்டும் தேர்தல் நடத்த அரசாங்கம் முனைந்தது. 2008 மார்ச் 10 ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்தில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஐக்கிய தேசியக் கட்சியும் போட்டியிடவில்லை. புலிகளிடமிருந்து பிரிந்து, இன்னமும் ஆயுதங்களைக் கைவிடாதிருந்த தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி பிரதேச சபைகளுள் பெரும்பாலானவற்றைக் கைப்பற்றியது. மே 10 ஆம் திகதி நடந்த மாகாண சபைத் தேர்தலில் அக்கட்சியை இணைத்துக்கொண்ட ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 37 ஆசனங்களில் 20 ஐயும், முஸ்லிம் காங்கிரசுடன் கூட்டுச் சேர்ந்த ஐக்கிய தேசியக் கட்சி 15 ஐயும் பெற்றன. முதலமைச்சர் பதவிக்குக் காத்தான்குடியின் எம். எல். ஏ. எம். ஹிஸ்புல்லாவும் உரிமை கோரினார். எனினும் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியைச் சேர்ந்த, பிள்ளையான் எனப்படும் சிவநேசதுரை சந்திரகாந்தனே பதவியேற்றார்.

இம்முடிவு நாட்டைப் பொறுத்தவரை சரியான முன்னறிவிப்பாகவே அமைந்தது. தொடர்ந்து ஏனைய மாகாணங்களில் ஒன்றன்பின் ஒன்றாக நடத்தப்பட்ட தேர்தல்களில் ஆளும் கூட்டமைப்பே வென்றது, 2010 ஜனவரியில் மகிந்த ராஜபக்ச ஏறத்தாழ 58 வீத வாக்குகளுடன் மீண்டும் ஜனாதிபதியானார். ஆனால் அம்முன்னறிவிப்பைத் தந்த மண்ணே அதனோடு சேர்ந்து செல்லவில்லை. அதே ஜனாதிபதித் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டம் அவருக்கு ஏறத்தாழ 26 வீத வாக்குகளையே அளித்து, எதிர்த்துப் போட்டியிட்ட சரத் பொன்சேகாவை ஏறத்தாழ 69 வீத வாக்குகளால் ஆதரித்தது. இம்முரண்பாட்டை வாக்காளரின் மனமாற்றமாக மட்டும் கொள்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். தமிழ் வாக்காளர் பெரிதும் ஆதரித்துவந்த கட்சி களத்தில் இல்லாதபோது, ஆயுதங்களின் நிழலில் அளிக்கப்பட்ட வாக்கு, அரசாங்கத்தின் வலிமைக்குச் சான்றாகலாமேயன்றி மக்களின் விருப்பத்துக்குச் சான்றாகாது.

2012 செப்டெம்பர் 8 ஆம் திகதி, பதவிக்காலம் முடியுமுன்பே சபை கலைக்கப்பட்டு நடந்த அடுத்த தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் களமிறங்கியது. 2008 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் 11 ஆசனங்களில் ஆறு ஆளும் கூட்டமைப்புக்குச் சென்றிருக்க, இம்முறை ஆறு தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தன. ஆயினும் ஆளும் கூட்டமைப்பு முஸ்லிம் காங்கிரசின் ஏழு உறுப்பினர்களின் ஆதரவுடன் மாகாண ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. அச்சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்த பின்னர், தேர்தல் முறைமையை மாற்றும் முயற்சி இடைநடுவில் நின்றதால், புதிய சபைக்கான தேர்தல் ஆண்டுக்கணக்கில் நடத்தப்படாமல் ஆளுநரே மாகாணத்தை நிருவகிக்கும் நிலை ஏற்பட்டது.