ஆர்டிஎக்ஸ் 3060-ஆ, 4060-ஆ? பழைய கார்டில் 12 ஜிபி, புது கார்டில் 8 ஜிபி... எதை வாங்கலாம்?

கேமிங்குக்கோ, வீடியோ எடிட்டிங்குக்கோ கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறவங்க ஒரு இடத்துல கண்டிப்பா குழம்பிப் போவாங்க. கடைக்காரர் மேஜை மேல ரெண்டு கிராபிக்ஸ் கார்டை எடுத்து வைப்பார். ஒன்று என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, அதில் 12 ஜிபி மெமரி. இன்னொன்று அதற்கு அடுத்த தலைமுறையான ஆர்டிஎக்ஸ் 4060, அதில் 8 ஜிபி மெமரிதான். நம்பர் பெருசு, மெமரி சிறுசு. அப்போ எது நல்ல கார்டு?

சுருக்கமான பதில்: கேம் மட்டும்தான் என்றால் 4060. மெமரியை விழுங்கும் வேலைகள் இருந்தால் 12 ஜிபி 3060. ஏன் அப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

அட்டவணை சொல்வது என்ன?

ஆர்டிஎக்ஸ் 3060 (2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது)
- குடா கோர்கள்: 3,584
- பூஸ்ட் வேகம்: 1,777 மெகாஹெர்ட்ஸ்
- மெமரி: 12 ஜிபி, 192 பிட்
- மெமரி வேகம்: விநாடிக்கு 360 ஜிபி
- எல்2 கேஷ்: 3 எம்பி
- மின்சாரம்: 170 வாட்
- அறிமுக விலை: 329 டாலர்

ஆர்டிஎக்ஸ் 4060 (2023 ஜூனில் விற்பனைக்கு வந்தது)
- குடா கோர்கள்: 3,072
- பூஸ்ட் வேகம்: 2,460 மெகாஹெர்ட்ஸ்
- மெமரி: 8 ஜிபி, 128 பிட்
- மெமரி வேகம்: விநாடிக்கு 272 ஜிபி
- எல்2 கேஷ்: 24 எம்பி
- மின்சாரம்: 115 வாட்
- அறிமுக விலை: 299 டாலர்

கோர் குறைவு, ஆனால் வேகம் அதிகம். எப்படி?

கோர் என்பது வேலையாள் மாதிரி. 4060-ல் ஆட்கள் சுமார் 14 சதவீதம் குறைவு. ஆனால் ஒவ்வொருவரும் சுமார் 38 சதவீதம் வேகமாக வேலை செய்கிறார்கள். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் 4060-தான் சுமார் 19 சதவீதம் முன்னால் நிற்கும். பிரேம் ஜெனரேஷன் இல்லாமல் கேம்களில் 20 சதவீதம் வரை வேகம் கூடும் என்று என்விடியா அறிமுகத்தின்போது சொன்னதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

மெமரி பாதை குறுகியதை 24 எம்பி கேஷ் ஓரளவு ஈடுகட்டுகிறது. அடிக்கடி தேவைப்படும் டேட்டா சிப்புக்குள்ளேயே இருப்பதால், ஒவ்வொரு முறையும் வெளியே மெமரி வரைக்கும் போய் வர வேண்டியதில்லை.

8 ஜிபி எங்கே இடிக்கும்?

கேஷ் வேகத்துக்கு உதவும். ஆனால் இடத்தைக் கூட்டித் தராது. 1080பி தெளிவில் பெரும்பாலான கேம்களுக்கு 8 ஜிபி போதும். புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்து, ரே டிரேசிங்கையும் ஆன் செய்தால் 8 ஜிபி நிரம்பிவிடலாம். அப்போது டேட்டா கம்ப்யூட்டரின் சாதாரண ரேமுக்குப் போய் வர வேண்டியிருக்கும். படம் விக்கி விக்கி ஓடுவது அதனால்தான். செட்டிங்கை ஒரு படி குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிளெண்டர் போன்ற 3டி மென்பொருளில் பெரிய காட்சிகளை ரெண்டர் செய்பவர்கள், ஏஐ மாடல்களை சொந்த கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்ப்பவர்கள் விஷயம் வேறு. மாடல் மொத்தமும் கார்டின் மெமரிக்குள் அடங்கினால்தான் வேகம் கிடைக்கும். 8 ஜிபியில் அடங்காமல் 12 ஜிபியில் அடங்கும் வேலை என்றால், அங்கே பழைய 3060 ஜெயிக்கும்.

4060-க்கு மட்டும் இருக்கும் வசதிகள்

டிஎல்எஸ்எஸ் 3 பிரேம் ஜெனரேஷன் வசதி 3060-ல் கிடையாது. கேம் உருவாக்கும் இரண்டு பிரேம்களுக்கு நடுவே கார்டே ஒரு பிரேமைத் தயாரித்துச் செருகும். படம் வழவழவென்று தெரியும். ஆனால் மவுஸை அசைத்ததும் கேம் பதில் தரும் வேகம் கூடாது. உண்மையான பிரேம் 30 என்றால், திரையில் 60 காட்டினாலும் கையில் உணர்வது 30-க்கு உரிய வேகம்தான். இந்த வசதிக்கே கொஞ்சம் மெமரியும் செலவாகும். விளம்பரத்தில் பெரிய நம்பரைப் பார்த்தால், அது பிரேம் ஜெனரேஷனைச் சேர்த்துச் சொன்னதா என்று கவனியுங்கள்.

இன்னொன்று, 4060 ஏவி1 முறையில் வீடியோவைப் பதிவு செய்யும். 3060-ல் ஏவி1 வீடியோவைப் பார்க்கத்தான் முடியும், அந்த முறையில் பதிவு செய்ய முடியாது. லைவ் ஸ்ட்ரீம் செய்பவர்களுக்கு இது உதவும்.

கரண்ட் பில்லில் எவ்வளவு மிச்சம்?

இரண்டுக்கும் வித்தியாசம் 55 வாட். தினமும் 4 மணி நேரம் முழு வேகத்தில் கேம் ஆடினால் 60 நாளில் சுமார் 13 யூனிட் மிச்சமாகும். பெரிய தொகை இல்லை. ஆனால் சூடும் ஃபேன் சத்தமும் குறையும்.

வாங்கும் முன் இந்த மூன்றைப் பாருங்க

1. '3060' என்ற பெயரை மட்டும் நம்பாதீங்க. இதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அதில் மெமரி 128 பிட், வேகம் விநாடிக்கு 240 ஜிபி மட்டுமே. 3060-ஐ வாங்க இருக்கும் முக்கியக் காரணமே 12 ஜிபிதான். அது இல்லாத கார்டுக்கு அதே விலையைக் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். பெட்டியில் '12 ஜிபி' என்று இருக்கிறதா பாருங்கள். கார்டை மாட்டிய பிறகு ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் 192 பிட் என்று காட்டுகிறதா என்றும் சரிபார்க்கலாம்.

2. மதர்போர்டு பழசா? 4060 எட்டு லேன்களை மட்டுமே பயன்படுத்தும், 3060 பதினாறு. பிசிஐஇ 3.0 மதர்போர்டில் 4060-க்குக் கிடைக்கும் பாதை பாதியாகக் குறையும். சாதாரணமாக இது பெரிதாகத் தெரியாது. 8 ஜிபி நிரம்பி ரேமுக்குப் போய் வரும்போதுதான் தடுமாற்றம் கூடும்.

3. செகண்ட் ஹேண்டா? 3060 விற்பனைக்கு வந்த காலத்தில் கிரிப்டோ மைனிங் உச்சத்தில் இருந்தது. 2022 செப்டம்பரில் எத்திரியம் அந்த முறையைக் கைவிட்டதும், மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. பில், வாரண்டி கேளுங்கள். அரை மணி நேரமாவது கேம் ஓட்டி, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

யாருக்கு எது?

1080பி கேமிங், ஸ்ட்ரீமிங், சின்ன கேபினெட், குறைந்த சூடு என்றால் 4060. 3டி ரெண்டரிங், ஏஐ பயிற்சி, பழைய மதர்போர்டு என்றால் 12 ஜிபி 3060. இரண்டுக்கும் அடுத்து 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060-லும் மெமரி 8 ஜிபிதான். அதனால் எந்த நம்பர் கார்டாக இருந்தாலும், கடைக்குப் போகும் முன்பே உங்க வேலைக்கு எத்தனை ஜிபி வேணும்னு முடிவு பண்ணிடுங்க.