தந்திக் கம்பியிலிருந்து கணினி வலை வரை



“இன்டர்நெட், கணினி வலை என்கிறாங்களே, அதெல்லாம் நமக்கு எங்கே வாத்தியாரே புரியப்போகுது?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். புரியும் அம்மா. அதன் கதையில் நம்ம ஊரும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஊர்க் கடிதம் கப்பலில்தான் வரும். நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் 1870-71இலேயே சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டுவிட்டார்கள். யாருக்குப் பயன்? அரசாங்கத்துக்கும் பெரிய வியாபாரிகளுக்கும். தந்திக்குக் கட்டணம் அதிகம். செபராங் பிறை கரும்புத் தோட்டங்களில் வேர்வை சிந்திய நம்மவர்களுக்கு அது எட்டவில்லை.

ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 29.10.1969 அன்று, அமெரிக்காவில் தூரத்தில் இருந்த இரண்டு கணினிகளை இணைத்துப் பார்த்தார்கள். இரண்டு எழுத்து போனதுமே நின்றுவிட்டது! விட்டார்களா? சரிசெய்து அன்றிரவே மறுபடியும் அனுப்பினார்கள். மாணவர்களே, இதை மனத்தில் வையுங்கள்.

வலை எப்படி வேலை செய்கிறது? நம்ம புக்கிட் மெர்தாஜாம் ரயில் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பாதை பட்டர்வொர்த்துக்குத் திரும்பும். மற்றொன்று வடக்கே பாடாங் பெசாருக்குப் போகும். கணினியும் செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கும். ஒவ்வொன்றிலும் அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி, வரிசை எண் இருக்கும். வழியில் ‘ரௌட்டர்’ என்னும் கருவி, சந்திப்பைப் போல, முகவரி பார்த்துப் பாதை காட்டும். ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதை. போய்ச் சேர்ந்ததும் வரிசை எண்படி அடுக்கப்படும். ஒன்று தொலைந்தால் அது மட்டும் மறுபடி அனுப்பப்படும். எல்லா வலைகளும் ஒன்றோடொன்று பேச ஒரே விதிமுறை வேண்டுமல்லவா? அமெரிக்க வலை 1.1.1983 அன்று அந்த விதிமுறைக்கு மாறியது.

நம் நாட்டில் 1992இல் ‘ஜாரிங்’ சேவை வந்தது. மலாயில் ஜாரிங் என்றாலே வலைதான். 2002இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாகப் பினாங்குக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. பழைய தந்தியின் அதே கடல்!

பெற்றோர்களே, தந்தி நம்மை விட்டுவிட்டுப் போனது. இந்த வலை அப்படிப் போகக் கூடாது. பிள்ளை கையில் தொலைபேசி கொடுத்தால் மட்டும் போதாது. அது எப்படி இயங்குகிறது என்று கேட்கப் பழக்குங்கள். ரயிலில் ஏறுபவர்களாக மட்டும் இருந்தது போதும். பாதை போடுபவர்களாகவும் நம் பிள்ளைகள் வளரட்டும்!