தனுஷ்கோடிப் புகையிரத நிலையம்



எங்கள் குறிஞ்சாக்கேணிக்குப் புகையிரதம் வருவதில்லை. நீரைக் கடக்கும் துறையே எமக்கு நிலையம். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி அத்துறையிற் படகுப்பாதை கவிழ்ந்தபோது, பள்ளி செல்லும் பிள்ளைகளும் மாண்டனர். துறையொன்று அழிந்தால் மக்களுக்கு நேர்வது யாது என்னும் வினா அன்று முதல் என்னை விட்டகலவில்லை. அவ்வினாவோடுதான், இராமேஸ்வரந் தீவின் தென்கிழக்குக் கோடியில் இருந்த தனுஷ்கோடி நிலையத்தின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இக்கரையில் தலைமன்னார் இருப்புப்பாதையும் அதே ஆண்டில் நிறைவுற்றது. சென்னையிற் பயணச்சீட்டுப் பெற்றவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறுவார். ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பை அடைவார். 'போட் மெயில்' என்று மக்கள் வழங்கியது இப்பயணத்தையே.

வணிகரும் யாத்திரிகரும் இவ்வழியே சென்றனர். ஆயினும் அந்நிலையத்தை மிகுதியும் அறிந்தோர் தோட்டத் தொழிலாளரே. முந்தைய நூற்றாண்டில் அவர்தம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். பின்வந்தோர் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்கு உட்பட்டு, தனுஷ்கோடியிற் கப்பலேறினர். தாய்நாட்டில் அவர்கள் கடைசியாக மிதித்த மண் அந்நிலையத்தின் மண்ணே.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு அரசுகளும் தீர்மானித்தன. தலைமுறை தலைமுறையாக மலையகத்தில் உழைத்தவர் வந்த வழியே திரும்ப வேண்டியவராயினர்.

இரண்டு மாதங்கூட நிறையவில்லை. டிசம்பர் 22ஆந் திகதி நள்ளிரவிற் புயலோடு எழுந்த பேரலை தனுஷ்கோடியை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டி நிலையத்தை அடையுமுன்னரே கடலுள் மறைந்தது. அதில் இருந்தோர் 115 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவருள் ஒருவரேனும் பிழைத்திலர். பாம்பன் பாலத்தைச் சில வாரங்களிற் செப்பனிட்டனர். தனுஷ்கோடிப் பாதையையோ மீண்டும் அமைத்தாரில்லை.

அதன்பின் கப்பல்கள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கே சென்றன. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டோர் அங்கிறங்கி, மீண்டும் மண்டபம் முகாமையே கண்டனர். தம் பாட்டன்மார் புறப்பட்ட நிலையத்தைக் காணும் பேறு அவர்க்குக் கிட்டவில்லை. 1980களில் நாட்டில் மூண்ட போரால் அக்கப்பற் போக்குவரத்தும் நின்றது. தலைமன்னார்ப் பாதை 2015ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டபோதிலும், அங்கிருந்து கடலைக் கடந்து செல்லுங் கப்பல் இல்லை.

இன்று தனுஷ்கோடிக்குச் செல்வோர் மணலில் நிற்கும் நிலையத்துச் சிதைவுகளைக் கண்டு, புயலின் கதையைக் கேட்டு மீள்கின்றனர். புயலின் கதை ஓரிரவின் கதை. அந்நிலையத்தின் கதையோ ஐம்பது ஆண்டுகளின் கதை. அவ்வழி வந்த முதியோர் எவரேனும் உங்கள் இல்லத்தில் இருப்பாராயின், அவர் கூறுவதை எழுதி வையுங்கள். குறிஞ்சாக்கேணியில் என் மாணவரிடமும் நான் வேண்டுவது அதுவே.