பழவேற்காட்டிலிருந்து மொரீஷியஸ் வரை: முன்பேர வணிகமும் வரித் தவிர்ப்பும்

பங்குச்சந்தையின் முன்பேர வணிகத்தை, அதாவது பின்னாளில் கைமாறுவதற்கு முன்கூட்டியே விலை பேசும் வணிகத்தை, இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கண்காணிக்கிறது. நிறுவனங்களின் வரித் தவிர்ப்பை வருமான வரித்துறை கவனிக்கிறது. ஆய்வுலகமும் இவ்விரண்டையும் தனித்தனித் துறைகளாகவே பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் வரலாற்றில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. அதன் சோழமண்டலத் தலைமையகமாக நெடுங்காலம் இருந்தது பழவேற்காடு. இரண்டையும் தனித்தனியே ஒழுங்குபடுத்தும்போது அவை சந்திக்கும் இடம் காவலின்றி விடப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோட்டையும் சுங்கமும்

1602 மார்ச் 20 அன்று நெதர்லாந்து அரசின் பட்டயம் பெற்றுத் தொடங்கிய அந்நிறுவனம், பொதுமக்களிடம் பங்கு விற்று ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர் திரட்டியது. 1610-இல் சந்திரகிரி அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தது. 1612-இல் சாந்தோம் போர்த்துகீசியர் அதை அழித்தனர். மறு ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. மொலுக்கா தீவுகளில் மசாலாப் பொருள்களை வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியே ஏற்றதாக இருந்ததால், இந்தக் கடற்கரை டச்சு வணிகத்துக்கு இன்றியமையாததாயிற்று.

சுங்கத்தைக் குறைக்கும் கோரிக்கை, இக்கரையின் ஆட்சியாளர்களோடு டச்சுக்காரர் நடத்திய பேச்சுகளில் தொடர்ந்து இடம்பெற்றது. அப்படிப் பெற்ற சலுகைகள் சட்டமீறல் அல்ல. ஆயினும் உள்ளூர் வணிகர் முழுச் சுங்கம் செலுத்திய துறைமுகத்தில் அயல் நிறுவனம் குறைவாகச் செலுத்தியபோது, அந்த வேறுபாடே அதன் இலாபத்தில் ஒரு பகுதியாயிற்று.

துணிக் கொள்முதல் பெரும்பாலும் முன்பணத்தை நம்பியே நடந்தது. நிறுவனம் வணிகர்களுக்கு முன்பணம் கொடுக்கும்; அவர்கள் நெசவாளர்களுக்குக் கொடுப்பார்கள். விலை, அளவு, கெடு எல்லாம் நெய்வதற்கு முன்பே முடிவாகிவிடும். பருத்தி விலை ஏறினாலும் பஞ்சம் வந்தாலும் சுமை நெசவாளரையும் இடைநின்ற வணிகரையுமே சேர்ந்தது. 1650களின் இறுதியில் உள்ளூர் வணிகரைக் கூட்டுப் பங்கு அமைப்பாக நிறுவனம் திரட்டியதற்கும், வராக் கடனைத் தன் தலையிலிருந்து இறக்கும் நோக்கம் ஒரு காரணம்.

ஆம்ஸ்டர்டாமின் முதல் தடை

கரையில் துணிக்கு முன்பேரம் நடக்க, ஆம்ஸ்டர்டாமில் நிறுவனத்தின் பங்குக்கே முன்பேரம் நடந்தது. நிறுவனத்தின் பெரும் பங்குதாரராக இருந்து, பின் பகைகொண்டு விலகிய ஐசக் லெ மேர், 1609-இல் ஒரு கூட்டணி அமைத்தார். அக்கூட்டணி தன் கைவசம் இல்லாத பங்குகளையும் பின்னொரு தேதியில் ஒப்படைப்பதாக விற்று விலையைச் சரித்தது. இயக்குநர்கள் முறையிட, 1610 பிப்ரவரி 27 அன்று அரசு ஆணை வெளியாயிற்று: கையில் இல்லாத பங்கை விற்கக்கூடாது, விற்ற பங்கை ஒரு மாதத்துக்குள் நிறுவனப் பேரேட்டில் மாற்றிப் பதிய வேண்டும். பங்குச்சந்தை வரலாற்றில் நாம் அறிந்த முதல் ஒழுங்குமுறைகளில் ஒன்று இது.

தடைக்குப் பின்னும் வணிகம் நிற்கவில்லை. தடைசெய்யப்பட்ட ஒப்பந்தத்துக்கு நீதிமன்றத்தின் துணை கிடைக்காது என்று தெரிந்தும், வணிகர்கள் நாணயத்தை நம்பித் தொடர்ந்தார்கள். 1688-இல் ஜோசப் டி லா வேகா ஆம்ஸ்டர்டாம் சந்தையைப் பற்றி எழுதிய நூலில் முன்பேரமும் விருப்ப ஒப்பந்தமும் அன்றாட நடைமுறையாகவே வருகின்றன.

இரு தனிப் பாதைகள்

விடுதலை பெற்ற இந்தியாவும் தடையில்தான் தொடங்கியது. 1952-இல் சரக்கு முன்பேரச் சட்டம் வந்தது. 1969-இல் பங்குகளின் முன்பேரம் தடைசெய்யப்பட்டது. 2000 ஜூனில் குறியீட்டு முன்பேரத்தோடு கதவு மீண்டும் திறந்தது. 2008 நெருக்கடிக்குப் பின், 2009 பிட்ஸ்பர்க் மாநாட்டில் ஜி-20 நாடுகள், சந்தைக்கு வெளியே நடக்கும் தரப்படுத்தப்பட்ட ஒப்பந்தங்களை மையத் தீர்வகங்கள் வழியே கொண்டுவர உறுதியளித்தன.

வரித்துறை தனிப் பாதையில் நடந்தது. பன்னாட்டு நிறுவனங்களின் வரித் தவிர்ப்பைத் தடுக்க 2013-இல் தொடங்கிய ஓஇசிடி-ஜி20 திட்டம், 2015-இல் 15 நடவடிக்கைகளை முன்வைத்தது. வரிச்சலுகையை முதன்மை நோக்கமாகக் கொண்ட ஏற்பாடுகளை மறுக்கும் பன்முக ஒப்பந்தம் இந்தியாவுக்கு 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2021-இல் 136 நாடுகள் பெருநிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 விழுக்காடு வரி என இசைந்தன. 2025 ஜூனில் ஜி-7 நாடுகள் அமெரிக்கத் தலைமையகக் குழுமங்களுக்கு விலக்களிக்க ஒப்பியதால் அந்த இசைவு தளர்ந்திருக்கிறது.

சந்திக்கும் இடம்

1982-இல் இந்தியா மொரீஷியஸுடன் செய்த இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம், பங்கு விற்பனை ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமையை மொரீஷியஸுக்கே விட்டது. அங்கு அத்தகைய வரி இல்லை. 2016 மே மாதத் திருத்தம், 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளின் ஆதாயத்தில் இந்தியாவுக்கு உரிமை தந்தது. முன்பேர ஒப்பந்தங்களைத் தொடவில்லை. ஆக, மொரீஷியஸில் பதிவான நிதியம் ஓர் இந்திய நிறுவனத்தின் பங்கை விற்று ஆதாயம் பார்த்தால் இங்கே வரி உண்டு. அதே நிதியம் அதே பங்கின் முன்பேரத்தில் ஆதாயம் பார்த்தால், ஒப்பந்தப் பாதுகாப்பு செல்லும்வரை இங்கே வரி இல்லை.

இது சிறு ஓட்டை அல்ல. 2021-22 முதல் 2023-24 வரை முன்பேரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டதாகவும், மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் செபியின் 2024 செப்டம்பர் ஆய்வு கூறுகிறது. 2023-24-இல் மட்டும் வெளிநாட்டு நிதியங்கள் சுமார் 28,000 கோடி ரூபாய் ஆதாயம் பெற்றன. ஒப்பந்த அளவை உயர்த்தியும் வாராந்திரக் கெடுக்களைக் குறைத்தும் செபி சிறு முதலீட்டாளரைக் காக்க முனைந்தது சரியே. ஆனால் ஆதாயம் எந்த நாட்டுக் கணக்கில் ஏறுகிறது என்பது செபியின் கையில் இல்லை.

கரையில் எஞ்சியது

1825-இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அங்குள்ள ஏரி மீனவரிடையே முன்பணம் இன்றும் வாழ்கிறது. வலைக்கும் படகுக்கும் வியாபாரியிடம் பணம் வாங்கியவர், இறாலையும் நண்டையும் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க நேர்கிறது. எழுத்தில் இல்லாத இந்த முன்பேரத்துக்குத் தீர்வகமும் இல்லை, கண்காணிப்பாளரும் இல்லை.

அதே ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் பாடு முறையைக் காத்து வந்திருக்கின்றன. எந்தப் பாட்டில் (மீன்பிடி இடத்தில்) யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊரே கூடி முறைவைத்து முடிவுசெய்கிறது. யாருக்கு உரிமை, யாருக்குப் பலன் என்ற இரு கேள்விகளுக்கும் அங்கே ஒரே சபை விடை சொல்கிறது. உலக நிதி ஒழுங்குமுறையில் இல்லாதது இந்த இணைவுதான்.

மொரீஷியஸ் ஒப்பந்தத்தில் முன்பேர ஆதாயத்தையும் சேர்க்கும் திருத்தம் முதல் தேவை. அடுத்து, செபியின் வணிகத் தரவும் வரித்துறையின் ஒப்பந்தச் சலுகைத் தரவும் ஒன்றாக ஆராயப்பட்டு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். இழப்பு இங்கே, ஆதாயம் வேறிடத்தில் என்ற பழைய கணக்கு, இரு பேரேடுகளையும் சேர்த்து வாசித்தால்தான் கண்ணில் படும்.