முந்திரிகையும் சுவாத்தியமும்

ஒரு பயிரின் வரலாறு அதனைப் போற்றி வளர்த்த மக்களின் வரலாறுமாகும். யாழ்ப்பாணத்தார் முந்திரிகை எனவும் பிறர் திராட்சை எனவும் வழங்கும் கொடி இதற்குத் தக்க சான்று. வெயிலை நாடும் இக்கொடி, குளிரும் மழையும் மிக்க இங்கிலாந்தில் இன்று செழித்து வளர்கின்றது. அதன் சாற்றிலிருந்து மது வடித்தல் அங்கு ஒரு பெருந்தொழிலாகி வருகின்றது. இம்மாற்றத்துக்குச் சுவாத்தியம் ஒன்றே காரணமாமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பிரித்தானியாவில் இக்கொடியை உரோமர் பயிரிட்டனர். வொலஸ்ரன் என்னுமிடத்தில் அவர் காலத்து நடுகைப் பள்ளங்களும் முந்திரிகை மகரந்தமும் அகழ்வாய்வில் வெளிப்பட்டுள்ளன. அவ்வுரோம உலகிலிருந்தே யவனர் தமிழகத்துக்கும் தேறல் கொணர்ந்தனர். புறநானூற்றின் 56ஆம் பாட்டும் அரிக்கமேட்டிற் கிடைத்த மதுச்சாடிகளும் இதற்குச் சான்றாவன.

1086ஆம் ஆண்டில் முதலாம் வில்லியம் எடுப்பித்த டூம்ஸ்டே நிலப்பதிவேடு, 40க்கு மேற்பட்ட இடங்களில் முந்திரிகைத் தோட்டங்கள் இருந்தமையைக் காட்டுகின்றது. பின்னர் அவை அருகின. குளிர் மிகுந்தமையே காரணம் என்பர் சிலர். ஆயினும், 1152இல் பின்னாளைய இரண்டாம் என்றி எலினோரை மணந்தமையால் போர்தோ மது எளிதில் வந்து குவிந்தது. 1348இல் பரவிய கொள்ளைநோயாற் கூலியாட்கள் குறைந்தனர். 1536 முதல் 1540 வரை எட்டாம் என்றி துறவியர் மடங்களைக் கலைத்தான். இவற்றை நோக்குமிடத்து, குளிரொன்றே அத்தோட்டங்களை அழித்தது எனல் பொருந்தாது.

மறுமலர்ச்சி 1950களில் அம்பிள்டன் என்னும் ஊரில் அரும்பியது. 1988இல் சசெக்சுப் பகுதியின் நைற்றிம்பரில் பிரான்சின் சம்பாஞ் நாட்டுக்குரிய உயர்சாதிக் கொடிகள் நடப்பட்டன. 2015இல் அந்நாட்டுத் தைத்தாஞ்சே நிறுவனமே கெந்து மாகாணத்தில் நிலம் வாங்கியது. இன்று பிரித்தானியாவில் இத்தோட்டங்களின் பரப்பு 4,000 ஹெக்டேயருக்கு மேற்பட்டது. 2022இல் அந்நாட்டின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை முதன்முறையாக 10 பாகை செல்சியசைக் கடந்தது. முன்னர் முதிராதிருந்த பழங்கள் இன்று முதிர்கின்றன. எனினும் வெப்பம் முழு நன்மை தருவதன்று. வசந்தம் முந்தத் தளிரும் முந்துகின்றது. அத்தளிரை ஏப்ரல் உறைபனி கருக்குகின்றது. 2017இல் அவ்வாறே நேர்ந்து பெருஞ்சேதம் விளைந்தது.

இனி நம் குடாநாட்டை நோக்குவோம். தென் இங்கிலாந்தின் சிறந்த தோட்டங்கள் பல சுண்ண நிலத்தில் உள்ளன. நமக்கும் சுண்ணக்கல்லே அடித்தளம், அதன்மேற் செம்மண். ஆனால் நமக்குக் குளிர்காலம் இல்லை. குளிர்நாட்டில் இலையுதிர்த்து உறங்கும் கொடி இங்கு உறங்குவதில்லை. ஆதலின் உழவன் அதனைக் கத்தரித்து, செயற்கையான ஓர் ஓய்வையும் புதுத் துளிர்ப்பையும் உண்டாக்குகின்றான். இதனால் ஆண்டுக்கு இருமுறை பழம் பெறலாகும். மாரிமழையில் அகப்படும் பழம் வெடித்து அழுகும்; எனவே கத்தரிக்கும் நாளைக் கணித்தலே இத்தொழிலின் நுட்பம்.

உரும்பிராய், கோப்பாய் முதலிய ஊர்களிற் கிணற்று நீரை நம்பிப் பந்தல்கள் எழுந்தன. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, மிளகாயும் வெங்காயமும் போலவே முந்திரிகையும் நல்ல விலை பெற்றது. பின்னர் வந்த திறந்த பொருளாதாரமும், அதன்பின் போரும் இடப்பெயர்வும் பந்தல்கள் பலவற்றைச் சாய்த்தன. 1928இல் தோலகட்டியில் நிறுவப்பட்ட செபமாலைத் தாசர் மடத்தின் முந்திரிகை இரசம் பெயர்பெற்றதென்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இவ்விரு வரலாறுகளும் ஒன்றையே உணர்த்துகின்றன. சுவாத்தியம் வாய்ப்பைத் தரும். சந்தையும் அரசும் உழைப்பும் அதனைப் பயனாக்கும் அல்லது பாழாக்கும். ஆயினும் இங்கிலாந்துக்கு ஊதியமாகும் வெப்பம் நமக்கும் ஊதியமாகும் என எண்ணுதல் தவறு. நமது நன்னீர், நிலத்தடியில் உப்புநீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லை போன்றது; மழையே அதனை நிரப்புவது. மழை முறைதவறிப் பெய்து, கடல்மட்டமும் உயர்ந்து, இறைப்பும் மிகுமாயின், கிணறுகள் உவராகும். அப்பொழுது முந்திரிகை மட்டுமன்றிப் புகையிலையும் வெங்காயமும் குடிநீருங்கூட நம்மை விட்டகலும்.

எனவே குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி மழைநீரைத் தேக்குதலும், நீரை அளந்து இறைத்தலும் நம் உடனடிக் கடமைகள். பாடசாலைகள்தோறும் மழையளவைப் பதிந்து வருதலும் வேண்டும். இங்கிலாந்தின் மன்னன் 1086இல் எடுத்த கணக்கு இன்று நமக்கு உதவுகின்றது. இன்று நம் மாணவர் எழுதும் கணக்கு நாளைய உழவனுக்கு உதவும்.